முதல் கோல்ஃப் மட்டைகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கோல்ஃப் கற்றுக்கொள்ள வருபவர்களில் பெரும்பாலோர் டிரைவர் என்னும் மிக நீளமான மட்டையை முதலில் வாங்குகிறார்கள். அடுத்து பை நிறைய ஒரு முழு செட். கடைசியில்தான் பயிற்சியாளரைத் தேடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதி மட்டைகள் உறை பிரிக்காமலே இருக்கும், மீதிப் பாதி அவர்களுடைய உயரத்துக்கும் வேகத்துக்கும் பொருந்தாமல் இருக்கும்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் பணமும் மிச்சம், கற்பதும் சுலபம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். வலது கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதியது இது. இடது கைக்காரர்கள் திசைகளை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் 7ஆம் நம்பர் அயர்ன், அதுவும் இரவல்

எதையும் வாங்குவதற்கு முன் சில வாரங்கள் டிரைவிங் ரேஞ்சில், அதாவது பந்து அடித்துப் பழகும் திடலில், பந்து அடியுங்கள். சென்னை நந்தனத்தில் உள்ளது போன்ற ரேஞ்சுகளில் மட்டை வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் பயிற்சியாளரிடமே ஒன்று இருக்கும். கேட்க வேண்டியது 7ஆம் நம்பர் அயர்ன். நீளத்திலும் சாய்விலும் அது நடுவாந்தரமான மட்டை. அதில் பழகிய வீச்சை அதைவிட நீளமான மட்டைகளுக்கும் குட்டையான மட்டைகளுக்கும் கொண்டுபோவது எளிது.

ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் சில பாடங்களில் உங்கள் பிடி மாறும், நிற்கும் விதம் மாறும், வீச்சின் வேகமும் மாறும். அதற்கு முன்பே அளவெடுத்து வாங்கினால், இரண்டு மாதத்தில் காணாமல் போகப்போகிற ஒரு வீச்சுக்கு மட்டை வாங்கியதாக ஆகிவிடும்.

பத்துப் பந்தில் ஆறேழு தரையை விட்டு எழும்பி, ஓரளவு ஒரே பக்கமாகப் போகத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம். நேராகப் போக வேண்டும் என்பதில்லை. ஒரே மாதிரி போனால் போதும்.

ரேஞ்சில் ஒரு விஷயம் கவனியுங்கள். செயற்கைப் புல் விரிப்பில் மட்டை பந்துக்கு முன்னாலேயே தரையைத் தொட்டாலும், அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். அதே அடி மைதானத்தில் மண்ணைக் கிளப்பி நின்றுவிடும். விரிப்பில் வரும் தூரத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் புல்தரையில் அடித்துப் பாருங்கள்.

எந்தக் கைக்கான மட்டை என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். நம்மவர்கள் பலருக்கு இது கேள்வியே அல்ல என்று தோன்றும். ஆனால் வலது கையால் எழுதி, கிரிக்கெட்டில் இடது கையால் மட்டை பிடிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் சில நாள் முயன்று பார்க்க வேண்டும். இடது கை மட்டைகள் கடையில் குறைவு, பழையதாகக் கிடைப்பது இன்னும் குறைவு. பாதியில் பக்கம் மாறினால் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.

2. பையில் என்னென்ன இருக்கும்

விதிப்படி ஒரு ஆட்டத்தில் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துப்போகக் கூடாது. அது உச்சவரம்பு, அவ்வளவுதான். ஏழோடு ஆடினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை லாஃப்ட் என்பார்கள். லாஃப்ட் கூடினால் பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். மட்டையில் உள்ள எண் கூடக்கூட லாஃப்ட் கூடும், நீளம் குறையும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் கடையில் பாதி குழப்பம் தீரும்.

டிரைவர் மிக நீளமானது, லாஃப்ட் பெரும்பாலும் 9 முதல் 12 டிகிரி. அடுத்தது வுட் வகை: 3 வுட் சுமார் 15 டிகிரி, 5 வுட் சுமார் 18, 7 வுட் சுமார் 21. பெயர்தான் வுட், தலை இப்போது உலோகம். வுட்டுக்கும் அயர்னுக்கும் நடுவில் நிற்பது ஹைபிரிட். அயர்ன்கள் எண் வரிசையில் வரும். வெட்ஜ்கள் கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கத்திலிருந்தும் மணல் குழியிலிருந்தும் பந்தை எடுக்க. பந்தைக் குழிக்குள் உருட்டிவிட பட்டர்.

3. உடம்பை அளந்துகொள்ளுங்கள்

உயரத்தை மட்டும் சொல்லி மட்டை வாங்குவது பரவலாக நடக்கும் தவறு. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளமாக இருந்தால் அவருக்குக் குட்டையான மட்டையே போதும். ஆகவே உயரத்தோடு இன்னொரு அளவும் வேண்டும்.

விளையாடும்போது போடும் காலணியோடு நேராக நில்லுங்கள். கைகளைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டில் உள்ளங்கை தொடங்கும் மடிப்புக்கோட்டிலிருந்து தரைவரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் தோள் இறங்கி அளவு தப்பிவிடும்.

அந்த அளவு 34 அங்குலத்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் வழக்கமான நீளமே சரியாக இருக்கும். ஆண்களுக்கான ஸ்டீல் 7 அயர்ன் சுமார் 37 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் அரை அங்குலம் குட்டையான மட்டை பொருந்தக்கூடும். நிறுவனத்துக்கு நிறுவனம் அட்டவணை கொஞ்சம் மாறும். அதனால் இதை ஒரு தொடக்கப்புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

5 அடி 4 அங்குலம், 5 அடி 5 அங்குலம் உயரமுள்ள ஆண்கள் நம்மூரில் நிறையப் பேர். வெளிநாட்டு அளவில் வரும் செட் அவர்களுக்குக் கொஞ்சம் நீளமாக இருப்பது சகஜம். அதற்காக உடனே வெட்டிக் குறைக்க வேண்டாம். பிடியை அரை அங்குலம் கீழே தள்ளிப் பிடித்து சில வாரம் ஆடிப் பாருங்கள். வெட்டினால் மட்டையின் எடை உணர்வு மாறும், மட்டையின் தண்டான ஷாஃப்ட்டும் கொஞ்சம் விறைப்பாகும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

அடுத்தது லை கோணம். மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாக உட்காரும்போது ஷாஃப்ட் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. அடிக்கும் நேரத்தில் மட்டைத் தலையின் நுனி தூக்கிக்கொண்டிருந்தால் பந்து இடப்பக்கம் இழுக்கும். நுனி தாழ்ந்து, தலை ஷாஃப்ட்டோடு சேரும் கழுத்துப்பக்கம் தூக்கினால் வலப்பக்கம் போகும். வீச்சில் எந்தக் குறையும் இல்லாமலே பந்து ஒரே பக்கம் போகக் காரணம் பலசமயம் இதுதான். பாவம், ஆட்டக்காரர் வீச்சை மாற்றி மாற்றிக் களைத்துப்போயிருப்பார்.

இதைச் சோதிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். பந்தில் செங்குத்தாகத் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு மட்டையின் முகத்தைப் பார்க்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். மை முகத்தில் ஒட்டும். அந்தத் தடம் முகத்தில் உள்ள கிடைக் கோடுகளுக்கு நேர் செங்குத்தாக இருந்தால் கோணம் சரி. சாய்ந்திருந்தால், நான்கைந்து முறை அடித்தும் அதே பக்கம் சாய்ந்தால், கோணத்தை மாற்ற வேண்டும். அதற்கான இயந்திரம் உள்ள கடையில் அயர்னின் கழுத்தை ஓரிரு டிகிரி வளைத்துத் தருவார்கள். வார்ப்பில் செய்த தலைகள் அதிகம் வளையாது. ஆகவே ரொம்பவும் பொருந்தாத செட்டை ‘வளைத்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

கடைசியாகப் பிடியின் தடிமன். இடது கையால் வழக்கம்போல் பிடியுங்கள். நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரலடிச் சதையை லேசாகத் தொட வேண்டும். விரல்கள் சதைக்குள் புதைந்தால் பிடி மெல்லியது. இடைவெளி விழுந்தால் பிடி தடிமன். மெல்லிய பிடியில் மணிக்கட்டு அளவுக்கு மேல் புரளும், தடித்த பிடியில் புரளாமல் இறுகும். பிடியை மாற்றுவது செலவு குறைந்த வேலை. அதனால் பிடி சரியில்லை என்பதற்காக மட்டும் நல்ல மட்டையை விட்டுவிடாதீர்கள்.

4. ஷாஃப்ட்: ஸ்டீலா, கிராஃபைட்டா, எவ்வளவு விறைப்பு

கடைக்காரர் தலையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். புதியவருக்கு ஷாஃப்ட்டின் எடையும் விறைப்பும் அதைவிட முக்கியம்.

அயர்ன்களில் ஸ்டீல் ஷாஃப்ட் பொதுவாக 95 முதல் 130 கிராம்வரை இருக்கும். கிராஃபைட் 55 முதல் 85 கிராம். கிராஃபைட் இலேசு, அதிர்வும் குறைவாகக் கைக்கு ஏறும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், முழங்கை அல்லது மணிக்கட்டு வலி உள்ளவர்கள், வீச்சு மெதுவாக உள்ளவர்கள் கிராஃபைட்டுக்கே போகலாம். உடல் வலுவுள்ள இளைஞருக்கு எடை குறைந்த ஸ்டீல் நல்லது. கையில் கனம் தெரியும்போது வீச்சின் தாளம் பிடிபடும், விலையும் பெரும்பாலும் குறைவு. டிரைவரிலும் வுட்டிலும் இந்தக் கேள்வியே எழாது. இப்போது வருவதெல்லாம் கிராஃபைட்தான்.

விறைப்பை எழுத்துகளால் குறிப்பார்கள். எல் என்பது லேடீஸ், ஏ என்பது சீனியர், ஆர் என்பது ரெகுலர், எஸ் என்பது ஸ்டிஃப், எக்ஸ் என்பது மிக விறைப்பு. டிரைவர் வீச்சின் வேகம் மணிக்கு 70 மைலுக்குக் கீழே என்றால் எல், அதிலிருந்து 85 வரை ஏ, 85 முதல் 95 வரை ஆர், 95 முதல் 105 வரை எஸ் என்று தோராயமாகச் சொல்வார்கள். இந்த எழுத்துகளுக்குத் தொழிலில் பொதுவான தரஅளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். எழுத்தைப் படித்து வாங்காமல் அடித்துப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

வேகத்தை அளக்கும் கருவி இல்லையா? 7 அயர்னில் நன்றாகப் பட்ட பந்துகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். உருண்டு நிற்கும் இடத்தைச் சேர்க்காதீர்கள். 120 யார்டுக்குள் விழுந்தால் ஏ அல்லது இலேசான ஆர். 120 முதல் 145 வரை ஆர். 150 யார்டைத் தாண்டித் தொடர்ந்து விழுந்தால்தான் எஸ் பற்றி யோசிக்க வேண்டும். ரேஞ்சில் தரும் தேய்ந்த பந்துகள் நல்ல பந்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பறக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘ஆண்பிள்ளைக்கு ஸ்டிஃப்தான்’ என்று ரேஞ்சில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அளவுக்கு மீறி விறைப்பான ஷாஃப்டில் பந்து தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் போகும். அதைச் சரிக்கட்ட உடம்பைத் திருகத் தொடங்குவீர்கள். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. பெண்களுக்கும் இதே நியாயம்தான். நல்ல வேகத்தோடு வீசும் பெண்ணுக்கு எல் எழுத்து போட்ட செட்டைத் தலையில் கட்டுவது சரியல்ல. நீளம் பொருந்தினால் ஏ அல்லது ஆர் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

5. அயர்ன்களும் வெட்ஜ்களும்: தலையைப் பாருங்கள், லாஃப்ட்டைக் கேளுங்கள்

அயர்ன் தலைகளில் இரண்டு துருவம் உண்டு. ஒன்று மெல்லிய, பின்புறம் தட்டையான பிளேடு. மற்றது பின்புறம் குழிவாகச் செதுக்கி, எடையை ஓரங்களுக்குத் தள்ளிய கேவிட்டி பேக். முகத்தின் நடுவில் படாத அடியில் தலை திரும்பிக்கொள்ளும். எடை ஓரங்களில் இருந்தால் அந்தத் திரும்பல் குறையும், பந்து தூரத்தையும் திசையையும் அவ்வளவாக இழக்காது. புதியவருக்குக் கேவிட்டி பேக்தான். அதிலும் அடிப்பாகம் அகலமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் முன்னாலேயே தரையைத் தொட்டாலும் அது மண்ணுக்குள் இறங்காமல் வழுக்கும்.

3, 4 நம்பர் அயர்ன்களை வாங்கவே வேண்டாம். அந்தக் குறைந்த லாஃப்டில் பந்தை உயர்த்தப் போதிய வேகம் வேண்டும். அந்த இடத்துக்கு 4 அல்லது 5 ஹைபிரிட் வாங்குங்கள். அதன் எடை தாழ்வாகவும் பின்னாலும் இருப்பதால் புல்லிலிருந்து பந்து சுலபமாக எழும்பும்.

இப்போது லாஃப்ட் கணக்கு. இதைச் சொல்லித் தருபவர்கள் குறைவு, ஆனால் பணம் வீணாவது அதிகமும் இங்கேதான். பழைய செட்களில் 7 அயர்ன் 34, 35 டிகிரி இருக்கும். இன்றைய செட்களில் 28, 29 டிகிரிக்கே 7 என்று எண் போடுகிறார்கள். ‘இந்த 7 அயர்ன் பத்து யார்டு கூடப் போகிறது’ என்றால், அது பெரும்பாலும் பழைய கணக்கில் ஒரு 6 அல்லது 5 அயர்ன். எண்ணைப் பார்த்து இரண்டு செட்களை ஒப்பிடாதீர்கள், லாஃப்ட்டைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

இதன் விளைவு வெட்ஜ் பக்கத்தில் தெரியும். புதிய செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தனியாக வாங்கும் சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி. நடுவில் 13 டிகிரி ஓட்டை. 4 முதல் 6 டிகிரி இடைவெளிதான் வழக்கம். அந்த ஓட்டைக்குள் விழும் தூரத்தில் ஒவ்வொரு முறையும் அரைகுறை வீச்சு போட வேண்டிவரும். புதியவருக்கு அதைவிடக் கடினமான அடி இல்லை. அதனால் முதலில் செட்டின் பிட்சிங் வெட்ஜ் லாஃப்ட்டைத் தெரிந்துகொண்டு, பிறகு வெட்ஜ் வாங்குங்கள். 43 என்றால் சில மாதத்தில் 49 அல்லது 50 டிகிரி கேப் வெட்ஜ் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கும். 46 என்றால் அவசரமில்லை. 60 டிகிரி லாப் வெட்ஜை முதல் வருடத்தில் தொடாதீர்கள்.

வெட்ஜில் பவுன்ஸ் என்றொரு எண்ணும் பொறித்திருக்கும். அடிப்பாகத்தின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவது அது. பவுன்ஸ் கூடினால் மணலிலும் அடர்ந்த புல்லிலும் மட்டை புதையாது. வறண்டு இறுகிய தரையில் அதே பவுன்ஸ் மட்டையைத் துள்ள வைத்துப் பந்தின் நடுவில் இடிக்கும். கோடையில் இறுகி, மழையில் ஊறிப்போகும் சமவெளி மைதானங்களுக்கு 10 டிகிரியை ஒட்டிய நடுத்தர பவுன்ஸ் தாங்கும்.

ஆக, தொடக்கத்தில் பையில் இருக்க வேண்டியவை ஏழு: 5 அல்லது 7 வுட், 5 ஹைபிரிட், 7 அயர்ன், 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். அயர்ன்கள் செட்டாகவே விற்கும் என்றால் வாங்குங்கள், ஆனால் மைதானத்துக்கு ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துப்போங்கள். தொடக்கத்தில் 7, 8 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் போகும். எதை எடுப்பது என்ற குழப்பம் மட்டும்தான் கூடும். இரண்டுக்கும் பத்து யார்டு வித்தியாசம் நிலையாக வரும்போது நடுவில் உள்ளவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

6. பட்டர்: அதிகம் பயன்படுவது, கடைசியாக யோசிக்கப்படுவது

பதினெட்டுக் குழிகளையும் முடிக்க மைதானம் வைத்திருக்கும் பார் 72 என்ற அடிக் கணக்கிலேயே ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பாதிக்குப் பாதி. அப்படிப்பட்ட மட்டையை செட்டோடு இனாமாக வந்தது என்று எடுத்துக்கொள்வது சரியல்ல.

முதலில் நீளம். 33 முதல் 35 அங்குலம்வரை கடைகளில் கிடைக்கும். பந்தின் மேல் குனிந்து, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு நில்லுங்கள். இடது கண் பந்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும், அல்லது பந்தைவிடச் சற்று உங்கள் பக்கமாக. மூக்குத்தண்டில் ஒரு பந்தை வைத்துக் கீழே விட்டால் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பட்டர் நீளமாக இருந்தால் நிமிர்ந்து நிற்பீர்கள், பந்து கண்ணைவிட்டுத் தள்ளிப்போகும், குறி தப்பும். 35 அங்குலம் நம்மில் பலருக்கு நீளம். 33, 34 கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வடிவம். ஷாஃப்ட்டை ஒரு விரல்மேல் கிடையாகச் சமன்செய்து வையுங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் அது நேராகப் பின்னே போய் நேராக முன்னே வரும் வீச்சுக்கு ஏற்றது. நுனி கீழே தொங்கினால் லேசான வளைவில் வீசுபவருக்கு ஏற்றது. புதியவர்களுக்குப் பெரிய தலையுள்ள மாலெட் வகையைச் சொல்வேன். தலை எளிதில் திரும்பாது, மேலே உள்ள நீளமான கோடு குறி வைக்கவும் உதவும்.

பட்டரை அடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கடையில் ஆறடி தூரத்தில் ஒரு நாணயத்தை வைத்து இருபது பந்து உருட்டுங்கள். எது அடிக்கடி நாணயத்தின்மேல் போகிறதோ அதுதான் உங்களுடையது.

7. டிரைவர்: எல்லாம் பழகிய பிறகு

டிரைவரைத் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லாஃப்ட் குறைந்த மட்டையில், முகம் கொஞ்சம் திறந்து பட்டாலும் பந்தின் சுழற்சி அச்சு அதிகமாகச் சாய்ந்துவிடும். 9 அயர்னில் சின்ன வளைவாகத் தெரியும் அதே தவறு, டிரைவரில் பக்கத்துக் குழிக்கான புல்பாதை (ஃபேர்வே) வரை போய்விடும். மட்டையும் பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல் நீளமாக இருப்பதால் நடுமுகத்தில் படுவதே அரிது. அதுவரை பந்தை டீ என்னும் சிறு குச்சியின்மேல் வைத்து 5 வுட்டால் அடியுங்கள். பந்து விளையாட்டுக்குள் இருக்கும்.

வாங்கும் நேரம் வந்ததும் மூன்றைப் பாருங்கள். லாஃப்ட் 10.5க்குக் குறையக் கூடாது, 12 இருந்தால் இன்னும் நல்லது. மெதுவான வீச்சில் 9 டிகிரி டிரைவர் பந்தைப் போதுமான உயரத்துக்கே தூக்காது. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டர் எடுங்கள். விதி அனுமதிக்கும் உச்சவரம்பு அதுதான், தப்பி அடித்தாலும் தாங்கும் பரப்பு அதில் அதிகம். மூன்றாவது, நீளம் குறைவாக உள்ளதைத் தேடுங்கள். 44.5 அங்குலத்தில் நடுவில் படும் பந்து, 46 அங்குலத்தில் ஓரத்தில் படும் பந்தைவிடத் தூரம் போகும்.

கழுத்தில் திருகாணி வைத்து லாஃப்ட்டை மாற்றும் டிரைவர் கிடைத்தால் நல்லது. ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மோசமான அடிக்குப் பிறகும் திருகினால் தவறு எங்கே என்றே தெரியாது.

8. அடித்துப் பார்க்கும் முறை

எந்த மட்டையையும் நிதானமாகப் பத்துப் பந்தாவது அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கைகால் சூடேறிய பிறகு தொடங்குங்கள், களைத்துப்போகும் முன் நிறுத்துங்கள். மிகச் சிறந்த அடியை மறந்துவிடுங்கள். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தர வரிசையில் ஏழாவது, எட்டாவதாக வரும் அடிகள் எங்கே விழுகின்றன, இடம்வலமாக எவ்வளவு பரவுகின்றன என்று பாருங்கள். பரவல் குறைந்த மட்டையை எடுங்கள், பத்து யார்டு குறைந்தாலும் பரவாயில்லை.

முகத்தில் எங்கே படுகிறது என்று தெரிய, கால்களுக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவினால் போதும், தடம் தெளிவாக விழும். தடங்கள் எல்லாம் நுனிப்பக்கம் விழுந்தால் மட்டை குட்டையாக இருக்கலாம், கழுத்துப்பக்கம் விழுந்தால் நீளமாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். நிற்கும் தூரமும் காரணமாகும். பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். முடிந்தால் வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள்.

9. புதியதா, பழையதா, பெட்டி செட்டா

பெட்டி செட் என்பது பையோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு மட்டைகள் வருவது. காலவே ஸ்ட்ராட்டா, வில்சன் போன்றவை இந்த ரகம். டெகாத்லானின் இனெசிஸ் வகையிலும் தொடக்க நிலை மட்டைகள் உண்டு. உயரம் சராசரியாக இருந்து, தொடர்ந்து ஆடுவோமா என்ற உறுதி இல்லாதவருக்கு இவை போதும். குறை என்னவென்றால் நீளமும் விறைப்பும் எல்லோருக்கும் ஒன்றே.

என் விருப்பம், ஐந்தாறு வருடம் பழைய, பெயர்பெற்ற நிறுவனத்தின் கேவிட்டி பேக் அயர்ன் செட். அயர்ன் தொழில்நுட்பம் அவ்வளவு வேகமாகப் பழையதாவதில்லை. மைதான உறுப்பினர்கள் செட்டை மாற்றும்போது நல்லவை விலைக்கு வரும். ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்துவரும் உதவியாளர்களான கேடிகளிடம் (caddie) சொல்லிவையுங்கள். யார் எதை விற்கப்போகிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

பழையதைப் பார்க்கும்போது வரிசையாகச் செய்யுங்கள். தலையையும் ஷாஃப்ட்டையும் எதிரெதிராக லேசாகத் திருகுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் உருளும் சத்தம் கேட்கக் கூடாது. கிராஃபைட் ஷாஃப்டில் கழுத்துக்கு மேலே நகத்தை ஓட்டுங்கள், விரிசல் இருந்தால் தட்டுப்படும். அது ஆடும்போது முறியும், ஆபத்து. ஸ்டீலில் சொட்டையும் துருவும் பாருங்கள். டிரைவர் முகத்தில் மெல்லிய கோடாக விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெட்ஜின் பள்ளக்கோடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் வாங்காதீர்கள். கடைசியாக அயர்ன்களை எண் வரிசையில் தரையில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒன்று துருத்திக்கொண்டு நின்றால் அதன் ஷாஃப்ட்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

போலிகளும் நிறைய உலவுகின்றன. பெரிய நிறுவனத்தின் இந்த வருட மாடல், பிளாஸ்டிக் உறையோடு, பாதி விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். பல நிறுவனங்கள் கழுத்தில் வரிசை எண் பொறிக்கின்றன. அதைக் குறித்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் கேட்கலாம். ரசீது காட்ட முடிந்தவரிடம் வாங்குவது இன்னும் எளிது.

குழந்தைகளுக்கு வாங்கும்போது பெரியவர்களின் மட்டையை வெட்டிக் கொடுக்காதீர்கள். தலையின் கனம் அப்படியே இருக்கும், ஷாஃப்ட் இரும்புக்கம்பிபோல் விறைத்துவிடும். குழந்தைகளுக்கென்று உயரக் கணக்கில் வரும் மட்டைகள் உண்டு. மூன்று நான்கு மட்டை போதும், எப்படியும் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும்.

10. வெயில், வியர்வை, உப்புக்காற்று

வாங்கியதும் கார் டிக்கியிலேயே போட்டுவைக்கும் பழக்கம் வேண்டாம். தலையை ஷாஃப்டோடு ஒட்டியிருப்பது எபாக்ஸி பசை. வெயிலில் நின்ற காரின் டிக்கியில் நாள்கணக்கில் வெந்தால் அது இளகித் தலை ஆடத் தொடங்கும். பிடியின் ரப்பரும் காய்ந்து வழவழப்பாகும்.

கடற்கரை ஊர்களில் ஸ்டீல் ஷாஃப்ட்டையும் வெட்ஜையும் துருதான் முதலில் பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, உலரும்வரை பைக்கு வெளியே வையுங்கள். மழையில் நனைந்த நாளில் தலை உறைகளையும் கழற்றிவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கும்.

உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்கள் நூல் கலந்த கார்ட் பிடி கேளுங்கள். சொரசொரப்பாக இருக்கும், ஆனால் ஈரத்தில் நழுவாது. எந்தப் பிடியானாலும் மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள். வாரம்தோறும் ஆடுபவர் வருடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றக் கொடுக்கும் அன்றே மார்க்கர் கோட்டுச் சோதனையையும் ஒருமுறை செய்துவிடுங்கள். வருடம் முழுக்க இறுகிய தரையில் அடிபட்டு அயர்ன்களின் லை கோணம் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி நகர்ந்திருக்கலாம்.